மரிசோல் எழுதாத கடிதம்

அத்தியாயம் 7

"நாலு வாக்கியம், வெர்ன். மூணு பொய், ஒண்ணு உண்மை," என்றாள் லோர்னா. "அந்த உண்மைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கப் போகுது."

வில்மார்க் பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியல் துறைக்கு எதிரே வண்டியை நிறுத்தியிருந்தோம். ஜூன் மாதத்து நெப்ராஸ்கா வெயில் காலை ஒன்பது மணிக்கே காரின் கண்ணாடியைச் சுட்டது. லோர்னா ஹெக்ஸ்ட்ரா பதினைந்து வருடம் ஷெரிப் அலுவலகத்தில் இருந்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள். நான் வெர்ன் டூலி. அவளிடம் சேர்வதற்கு முன், ஆலங்கட்டி மழையில் அடிபட்ட சோளக்காடுகளைப் பார்த்துப் பயிர்க் காப்பீட்டுக்காரர்களுக்குச் சேதம் எழுதிக் கொடுத்தவன். சேதத்தைப் பார்த்தால் எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று சொல்லிவிடுவேன். யார் அடித்தது என்று சொல்ல லோர்னா வேண்டும்.

அவள் மடியில் கிடந்த கடிதத்தை நான் மறுபடி படித்தேன்.

'குடும்பக் காரணங்களால் இந்தப் பதவிக்கான போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். வேறிடத்தில் வேலையும் உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு, தீனி முடிந்ததும், கொட்டகையைப் பார்க்க இயலாது. நானே விரும்பி எடுத்த முடிவு இது, மேற்கொண்டு என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.'

கீழே டாக்டர் மரிசோல் எட்செவெரி என்ற பெயர். பிப்ரவரி நான்காம் தேதி மாலை, அவள் பெயரில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சல். அவள் அதை எழுதவே இல்லை.

மரிசோல் ஐடஹோக்காரி. ஸ்பெயின் மலைப்பகுதியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஆடு மேய்த்த பாஸ்க் இனக் குடும்பம். ஆட்டின் உடம்பில் எந்த மரபணு எந்த உறுப்பில், எந்த வயதில் விழித்து வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் படிப்பு. அதே துறைக்கு வில்மார்க்கில் ஒரு பேராசிரியர் இடம் காலியானது. தொண்ணூறு பேரில் முதலாவதாக வந்தவள் அவள்தான். நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய விமானச் சீட்டு தானாக ரத்தானது. ஏன் என்று எழுதிக் கேட்டாள். 'உங்கள் முடிவை மதிக்கிறோம்' என்று ஒற்றை வரி பதில் வந்தது. நாகரிகமாக நம்மைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மே மாதம் ஒரு மாநாட்டில், தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் எதிரே வந்து, "ஏம்மா எங்களை வேணாம்னுட்டே?" என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

அதற்குள் அந்த நாற்காலி பிரெண்ட் கோலாசா என்பவருக்குப் போய்விட்டது. கோலாசா, துறைத் தலைவர் டென்டன் ஸ்ப்ரேக்கின் பழைய மாணவர்.

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக்காரர்கள் இரண்டு வாரம் குடைந்துவிட்டு, கடிதம் ஊர் நூலகத்தின் பொதுக் கணினியிலிருந்து போனது என்பதோடு கையை விரித்தார்கள். பல்கலைக்கழக வக்கீல் எங்களைக் கூப்பிட்டார்.

"எது பாஸ் உண்மை?" என்று கேட்டேன்.

"மூணாவது வாக்கியம். எட்டு மணி." லோர்னா இன்னொரு தாளை எடுத்தாள். "இது மரிசோலுக்கு அனுப்பின நிகழ்ச்சி நிரல். இதுல ஆட்டுக் கொட்டகை பத்தரை மணிக்கு. இவங்க அவளுக்கு வேற எதையும் அனுப்பவே இல்லை."

"அப்போ இந்த எட்டு எங்கிருந்து முளைச்சுது?"

"அதைத்தான் துறைத் தலைவரைக் கேக்கப் போறோம்."

"கேக்கணுமா? யாருக்கு லாபம்னு பாத்தாலே தெரியலை? தன் மாணவனை உள்ள கொண்டுவர, இந்தப் பொண்ணை வெளிய தள்ளியிருக்கார். மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்."

"உனக்கு எப்பவும் சாப்பாட்டுக்குள்ள முடியணும்," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

*

டென்டன் ஸ்ப்ரேக் வெள்ளைத் தாடியை ஒழுங்காகக் கத்தரித்தவர். மேசையில் காகிதங்கள் முழங்கை உயரத்துக்கு நின்றன.

"ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார். "ஆனா நாங்க விதிமுறைப்படிதான் நடந்துக்கிட்டோம்."

"அவங்க விலகினதும் நீங்க போன் பண்ணினீங்களா?" என்றாள் லோர்னா.

"தொடர்புகொள்ள வேண்டாம்னு எழுதியிருந்தாங்களே. அதை மதிச்சேன்."

"அப்புறம் அவங்களே எழுதினாங்க. சீட்டு ஏன் ரத்தாச்சுன்னு."

"அதுக்கும் மரியாதையா பதில் போட்டேன்."

"ஒரே ஒரு போன் போட்டிருந்தா மரியாதை குறைஞ்சிருக்குமா சார்?" என்றேன் நான்.

ஸ்ப்ரேக் என்னைப் பார்த்த பார்வையில், நான் யாரோ கம்பளத்தில் மிதித்துக் கொண்டுவந்த சேறாக இருந்தேன்.

லோர்னா அமைதியாகக் கேட்டாள். "டாக்டர், அவங்க வந்திருந்தா அந்த வியாழக்கிழமை கொட்டகைக்கு எத்தனை மணிக்குப் போயிருப்பீங்க?"

அவர் யோசிக்கவில்லை. கைபேசியை எடுத்து பிப்ரவரிக்குத் தள்ளி எங்கள் பக்கம் திருப்பினார். வியாழன், பத்தரை, ஆட்டுக் கொட்டகை. நடக்காத நேர்காணலின் ஒவ்வொரு மணி நேரமும் நாட்காட்டியில் அப்படியே இருந்தது. அழிக்கக்கூட இல்லை.

"நேரம் மாறினது உங்களுக்குத் தெரியாதா?"

"மாறிச்சா?"

நடிப்பு என்றால் அது நல்ல நடிப்பு. ஆனால் காகிதக் குவியலிலிருந்து லோர்னா மெல்ல உருவிய ஒரு பச்சை உறையில் 'திருத்திய நிரல், பிப்ரவரி 4' என்று எழுதியிருந்தது. ஒட்டிய ஒட்டு பிரியவே இல்லை.

"அவங்களோட ஆராய்ச்சித் திட்டத்தைப் படிச்சீங்களா?" என்றாள்.

"சுருக்கத்தைப் பாத்தேன். குழுவுல மத்தவங்க முழுசா படிச்சிருப்பாங்க."

மத்தவங்களை முந்தின நாளே கேட்டிருந்தோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் வந்ததும், "பாஸ், என் கட்சி தோத்துப்போச்சு," என்றேன். "தப்பு பண்றதுக்குக்கூட ரெண்டு காகிதம் படிச்சிருக்கணும். இந்த மனுஷன் அந்த அளவுக்குப் படிக்கலை."

"இந்தாள் மேல குற்றம் இல்லேன்னு நான் சொல்லலை," என்றாள் லோர்னா. "கடிதத்தை எழுதலை. அவ்வளவுதான்."

*

துறையின் அலுவலகத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறவள் பெவ் ஸ்லாமா. கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, மேசையில் ஒரு தகர டப்பா நிறைய கசகசா வைத்த ரொட்டி. நாங்கள் கேட்டதும் நேர்காணல் கோப்பை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"விலங்குச் செயல்சார் மரபணுவியல்," என்று அட்டையைப் படித்தாள். "இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிடும். நிரலா? மூணு தடவை மாத்தினேன். கடைசி மாத்தம் நாலாம் தேதி மத்தியானம் மூணு மணிக்கு."

"யார் மாத்தச் சொன்னது?"

"ஆர்லின் குன்ட்சன். ஆட்டுக் கொட்டகை மேலாளர். போன் பண்ணினார். 'பெவ், அது ஆடு குட்டி போடற ஈத்துக் காலம், பத்தரைக்கெல்லாம் என் கை ஒழியாது. எட்டு மணிக்கு, தீனி முடிஞ்சதும் அனுப்பு. நானே நின்னு நல்லா சுத்திக் காட்டறேன்'னார். மாத்திட்டேன். மறுநாள் காலையில அந்தப் பொண்ணுக்கு அனுப்பலாம்னு வச்சிருந்தேன். காலையில வந்து பாத்தா, அவ விலகிட்டான்னு கடிதம்."

"புது நேரம் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. ஆர்லினுக்கு. தலைவர் மேசையில ஒண்ணு வச்சேன்." பெவ் உதட்டைப் பிதுக்கினாள். "அங்க வைக்கிறதும் கிணத்துல போடறதும் ஒண்ணுதான்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. "அப்போ... நானா ஆர்லினான்னு நிக்குது. அப்படித்தானே?"

"ஆமா," என்றாள் லோர்னா.

"ஆர்லினா இருக்க முடியாது. எட்டு மணிக்கு வரச் சொன்னதே அவர்தானே? வரவேணாம்னு நெனக்கிறவர் எதுக்கு நேரம் ஒதுக்கறார்?"

நல்ல கேள்வி. லோர்னா ரொட்டி டப்பாவின் மூடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெவ், கடிதம் வந்தது சாயங்காலம் ஆறே முக்கால். ஆர்லின் பேசினது மூணு மணி. நடுவுல அவர்கிட்ட ஏதாவது போச்சா?"

"நடுவுல ஒண்ணும்..." பெவ் கணினியைத் திருப்பினாள். தேடினாள். "நாலு மணிக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன். எந்த ஆள் வந்தாலும் அவங்க ஆராய்ச்சிக்கு வேணுங்கற ஆடு கிடைக்குமான்னு கொட்டகையில கேட்டு எழுதி வாங்கணும். அதுக்காக அந்தப் பொண்ணோட திட்டத்துல இருந்து ஒரு பக்கம். நாலாம் பக்கம் மட்டும்."

திரையில் ஒரு சிறிய பட்டியல். மந்தை: 140 ஆடுகள், முழுவதும். திசுக்கள்: 22 வகை. கீழே இதயம், நுரையீரல், மண்ணீரல், கருப்பை, மூளை என்று வரிசை.

"ஒரே ஒரு பக்கமா?" என்றாள் லோர்னா.

"மொத்தம் பதினோரு பக்கம். கணக்குக்கு அது போதும்னு..." பெவ் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியவள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவ எனக்குப் போன் பண்ணினா, தெரியுமா? பிப்ரவரியில. 'என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க'ன்னு. தேர்வு விஷயம் ரகசியம், பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க. ஒரு வார்த்தை, 'நீங்கதானே விலகினீங்க'ன்னு நான் கேட்டிருந்தா..."

திட்டத்தின் பதினோரு பக்கத்தையும் அச்செடுத்துக் கேட்டாள் லோர்னா. வண்டிக்குப் போகிற வழியிலேயே படிக்கத் தொடங்கினாள். நான் ஓட்டினேன். கொட்டகைக்கு ஐந்து மைல். நான்காவது மைலில் அவள் கடைசிப் பக்கத்தை மடித்து, "அட கடவுளே," என்றாள். ஷெரிப் அலுவலகத்தில் பிணங்களைப் பார்த்துப் பழகியவள் அவள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

*

கொட்டகை வாசலில் இரண்டு அடுக்குக் கால்நடை லாரி ஒன்று பின்பக்கமாக ஒட்டி நின்றது. ஆடுகளின் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஓட்டுநர் நிழலில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"எங்க போகுது இதெல்லாம்?" என்று அவரைக் கேட்டேன்.

"சந்தைக்கு. மொத்த மந்தையும். புதுசா வர்ற வாத்தியாருக்கு ஆடே வேணாமாம். கண்ணாடித் தட்டுல செல்லை வளத்துக் கணினியில பாப்பாராம். சும்மா எதுக்குத் தீனின்னு மேலிடத்துல வித்துட்டாங்க."

ஆர்லின் குன்ட்சன் உள்ளே அடைப்புக் கதவருகே நின்றார். அறுபதை நெருங்கும் வயது. நெட்டையான உடம்பு, முழங்காலில் வைக்கோல். இருபத்தாறு வருடம் அந்த மந்தையை ஈத்துக்கு ஈத்து அவரே தேர்ந்து வளர்த்தவர். லோர்னா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவர் ஆட்டின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பிப்ரவரியில டாக்டர் எட்செவெரியை எத்தனை மணிக்கு எதிர்பாத்தீங்க, ஆர்லின்?"

"எட்டு மணிக்கு. தீனி முடிஞ்சதும்."

"அவங்களுக்கு அது தெரியாது," என்றாள் லோர்னா. "அவங்ககிட்ட இருந்த தாள்ல பத்தரைன்னு இருந்துச்சு. அவங்க பேர்ல எட்டு மணின்னு சொன்னது அந்த விலகல் கடிதம் மட்டும்தான். பேராசிரியருங்க கூட்டத்தை வச்சு நேரம் சொல்வாங்க. தீனியை வச்சு நேரம் சொல்ற ஆள் இந்த வளாகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ஆர்லின் மறுக்கவில்லை.

"நூலகத்துல என் மச்சினி இருக்கா. முகவரி எப்படித் தொடங்கறதுன்னு அவதான் சொல்லிக் கொடுத்தா. எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. அவளை இழுக்காதீங்க."

"இழுக்கலை. ஏன் செஞ்சீங்க?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி பன்னிக் கொட்டகைக்கு இதே மாதிரி ஒரு பட்டியல் வந்துச்சு. இதயம், நுரையீரல், மூளைன்னு. எந்த உறுப்புல எந்த மரபணு முழிச்சிருக்குன்னு பாக்கணுமாம். நாப்பத்தாறு பன்னி. மூணு நாளு. ஆள் போதலைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான்தான் ஒவ்வொண்ணா பிடிச்சுக்கிட்டு நின்னேன்." உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார். "அந்தப் பக்கத்துல நூத்திநாப்பதுன்னு போட்டிருந்துச்சு. முழு மந்தை. நான் யாரைக் கேக்கறது? என்னை எந்தக் குழுவுல வச்சாங்க? அவ வந்து எங்கிட்டயே சுத்திப் பாத்துட்டு, எல்லாத்தையும் வெட்டறதுக்கு நானே கதவைத் திறந்து விடணுமா?"

"வராம பண்ணிட்டீங்க."

"பண்ணிட்டேன். என்ன ஆச்சு பாத்தீங்கல்ல?" லாரியின் பக்கம் தாடையை நீட்டினார். "எப்படியும் போகத்தான் போகுது. அவ கத்தியில இல்லேன்னா சந்தையில."

லோர்னா கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அவள் கொடுக்காமலே திரும்பியிருக்கலாம். குற்றவாளி கிடைத்தாயிற்று. வாக்குமூலமும் கிடைத்தாயிற்று. எங்கள் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. கொடுக்காதே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"ஆர்லின், நீங்க படிச்சது நாலாம் பக்கம். மீதியும் இருக்கு," என்று நீட்டினாள்.

"இப்ப எதுக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்சாகணும். நாளைக்கு விசாரணையில வேற யாராவது வாசிச்சுக் கேக்கறதைவிட நீங்களே படிக்கறது நல்லது."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, அடைப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். மெதுவாகப் படிக்கிறவர். உதடு லேசாக அசைந்தது. ஓட்டுநர் ஒருமுறை எழுந்து வந்து பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டு திரும்பிப் போனார்.

ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது இது: உறுப்புகளின் திசுக்கள், பிறக்கும்போதே இறந்த குட்டிகளிடமிருந்தும் வயதாகித் தானாகச் செத்த ஆடுகளிடமிருந்தும் மட்டுமே எடுக்கப்படும். உயிரோடிருக்கும் நூற்று நாற்பதிடமிருந்து சிறிது ரத்தமும், காதில் அடையாள வில்லை குத்தும்போது விழும் துணுக்கும் போதும். ஆராய்ச்சிக்காக ஓர் ஆடும் கொல்லப்படாது.

பதினோராம் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'இந்தப் பதவியை நான் ஏற்பதற்கு ஒரு நிபந்தனை: பத்து ஆண்டுகளுக்கு இந்த மந்தையை விற்கவோ பிரிக்கவோ கூடாது. உலகில் இதுபோல் இன்னொன்று இல்லை. கொட்டகை மேலாளர் இருபத்தாறு ஆண்டுகளாக எழுதிவந்த ஈத்துக் குறிப்பேடுகள் இல்லாமல் என் ஆய்வும் இல்லை. வெளிவரும் எல்லாக் கட்டுரைகளிலும் என் பெயரோடு அவர் பெயரும் வர வேண்டும்.'

ஆர்லின் தாள்களை விளிம்பு சேர்த்து ஒழுங்காக அடுக்கினார். லோர்னாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கா," என்றார்.

அப்புறம், "அந்தப் பொண்ணுக்கு இப்ப எங்க வேலை?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை. இருக்கற இடத்துல ஆகஸ்டோட முடியுது."

தலையை ஆட்டினார். பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டு, "வெயில் ஏறுது, ஏத்திடலாம். நின்னுக்கிட்டே இருந்தா இதுங்களுக்கு மூச்சு முட்டும்," என்றார். ஆள் போதவில்லை என்பதால் நான் அடைப்புக் கதவைப் பிடித்தேன். அவர் ஆடுகளை அதட்டவில்லை. ஒவ்வொன்றின் இடுப்பிலும் கையை வைத்துச் சரிவுப் பலகையில் ஏற்றிவிட்டார். எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

*

பல்கலைக்கழக வக்கீலுக்கு லோர்னா வண்டியிலிருந்தே பேசினாள். அவர் குரலில் நிம்மதி வழிந்தது. தவறு செய்தது குழுவில் உள்ளவர் அல்ல, கொட்டகை ஊழியர். நல்லது. அவரை வேலையிலிருந்து நீக்கிவிடலாம்.

"மரிசோலுக்கு என்ன?" என்றாள் லோர்னா.

"இடம் நிரம்பிடுச்சுங்க. கோலாசா கையெழுத்துப் போட்டாச்சு. நாங்க முறைப்படி ஒரு வருத்தக் கடிதம் அனுப்பறோம்."

"இன்னொரு கடிதமா?" என்றேன் நான், வக்கீலுக்குக் கேட்கும்படி. அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

அடுத்து லோர்னா ஐடஹோவுக்கு அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். மரிசோல் முதல் மணியிலேயே எடுத்தாள். லோர்னா எதையும் பூசி மெழுகவில்லை. எட்டு மணி, நாலாம் பக்கம், பன்றிகள், லாரி என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"மந்தை போயிடுச்சா?" என்று கேட்டாள் மரிசோல்.

"இப்பதான். பாதையில தூசி இன்னும் அடங்கலை."

"குறிப்பேடுங்க?"

"அவர்கிட்ட இருக்கு. ஆடு இல்லாம அதை வச்சு..."

"ஒண்ணும் பண்ண முடியாது," என்று அவளே முடித்தாள். "அவர் என் திட்டத்தைப் படிச்சாரா? முழுசா?"

"இன்னிக்குப் படிச்சார். கடைசி வரி வரைக்கும். கடைசிப் பக்கத்தை ரெண்டு தடவை." லோர்னா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "டாக்டர், எனக்குத் தெரிஞ்சு இந்தப் பல்கலைக்கழகத்துல அதை முழுசாப் படிச்சது அவர் ஒருத்தர்தான்."

கொட்டகைப் பக்கம் இப்போது சத்தமே இல்லை.

"அப்போ தேர்வுக் குழுவுல அவரைத்தான் போட்டிருக்கணும்," என்றாள் மரிசோல்.